தீவும் தோட்டமும்: நிலம் யாருடையது என்பதை முடிவு செய்வது யார்?

மலாக்கா: 1956 பிப்ரவரி 20-ஆம் தேதி பண்டார் ஹிலிர் திடலில் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத் தேதியை அறிவித்தபோது, கூட்டத்தில் நின்றவர்களுக்குக் கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. இன்று அதே இடத்தில் நின்றால் கடல் தெரியாது. திடலுக்கு அடியில் டத்தாரான் பஹ்லாவான் பேரங்காடி. அதற்கு அப்பால் மக்கோத்தா பரேட், மலாக்கா ராயா கடைவரிசைகள். அதற்கும் அப்பால், பாலம் கடந்து போனால், புலாவ் மலாக்கா. 2006-இல் திறக்கப்பட்ட மலாக்கா நீரிணைப் பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தீவைக் கடல் உண்டாக்கவில்லை. மண்ணைக் கொட்டி மனிதர்கள் உண்டாக்கினார்கள்.

வார இறுதியில் மெர்லிமாவ், ஜாசின் பக்கமிருந்து பிள்ளைகளோடு வந்து அந்தப் பள்ளிவாசல் அருகில் படம் எடுத்துக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஆனால் அந்த நிலம் எப்படி நிலமானது, யாருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது, அதற்கு முன் அங்கே வலை வீசியவர் எங்கே போனார் என்ற கேள்விகளைக் கேட்பவர் குறைவு. பெரிய மேம்பாட்டு நிறுவனங்களின் விவகாரம், நமக்கென்ன என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டம் விற்கப்பட்டபோது மூட்டை கட்டியவர்களுக்கு அந்தக் கேள்விகள் புதியவை அல்ல. இடம் மட்டும்தான் வேறு.

மலாக்கா கேட்வே: அறிவிப்பும் அலையும்

மலாக்காவில் தீவு நிலம் பற்றிய பெரிய சர்ச்சை மலாக்கா கேட்வே. 2014 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் நஜீப் ரசாக் தொடக்கி வைத்த திட்டம் அது. கே.ஏ.ஜே. டெவலப்மெண்ட் என்ற உள்ளூர் நிறுவனம் அதன் மேம்பாட்டாளர். கடலைத் தூர்த்து மூன்று தீவுகள் உருவாக்குவது, இயற்கையாக இருக்கும் புலாவ் பாஞ்சாங்கையும் சேர்த்துக்கொள்வது, உல்லாசக் கப்பல் முனையம், ஆழ்கடல் துறைமுகம், தங்கும் விடுதிகள், குடியிருப்புகள் கட்டுவது என்று திட்டம் விரிந்தது. மதிப்பு சுமார் 43 பில்லியன் வெள்ளி என்று சொல்லப்பட்டது. 2016-இல் சீனாவின் பவர்சைனா இண்டர்நேஷனல் நிறுவனம் கூட்டு சேர்ந்தது.

2018-இல் ஆட்சி மாறியதும் துறைமுக உரிமம் சர்ச்சைக்கு உள்ளானது. 2020 நவம்பரில் அன்றைய முதலமைச்சர் சுலைமான் முகமட் அலி ஒப்பந்தம் முடிவுக்கு வந்துவிட்டதாக அறிவித்தார். 2017 அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் மூன்றாண்டுக் கெடு முடிந்தும் கடல் தூர்க்கும் வேலை முடியவில்லை என்பதே மாநில அரசாங்கம் சொன்ன காரணம். மேம்பாட்டு நிறுவனம் அதை ஏற்காமல் நீதிமன்றம் சென்றது. பின்னர் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்து, திட்டம் மீண்டும் உயிர்பெறும் என்ற அறிவிப்பு வெளியானது.

இந்த இழுபறி முழுவதும் மாநில அரசாங்கத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே நடந்தது. மூன்றாவதாக ஒரு தரப்பு இருந்தது. உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பின் மீனவர்கள்தான் அவர்கள். 1930-களில் சுமார் 28 ஏக்கரில் உருவாக்கப்பட்ட அந்தக் குடியிருப்பின் வாழ்க்கையே வாசலில் இருந்த கடல்தான். இடுப்பளவு தண்ணீரில் நடந்து, கைவலையால் கெராகாவ் என்னும் பொடி இறாலை அள்ளுவது அவர்கள் பரம்பரைத் தொழில். மலாக்கா பாசாரில் வாங்கும் சிஞ்சாலோக்கும் பெலாச்சானும் அந்தப் பொடி இறாலிலிருந்து வருபவை. 1970-களில் இருந்து கட்டம் கட்டமாக நடந்த தூர்ப்பு வேலைகளால் கரை விலகியது, சேறு படிந்தது, நடந்து போய் வலை வீசும் ஆழம் மாறியது. மலாக்கா கேட்வேயை எதிர்த்து அவர்கள் குரல் கொடுத்ததற்கு இதுவே காரணம்.

அவர்களுடைய சிக்கல் எளிமையானது, ஆனால் கொடியது. குடியிருப்பு நிலத்துக்கு எல்லை உண்டு. கடலுக்கு அவர்கள் பெயரில் எந்தக் கிராண்டும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய ஒன்றைச் சட்டம் அவர்களுடையதாகப் பார்ப்பதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

மலேசியாவில் நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அதைத் தெளிவாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. தேசிய நிலச் சட்டம் 1965-இன்படி நிலம் என்றால் தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரையும் சேர்ந்ததுதான். 2012-ஆம் ஆண்டு ஆட்சிக்குட்பட்ட கடல் சட்டம் மாநிலத்தின் நிலச் சட்ட எல்லையை மூன்று கடல் மைல் என்று வகுக்கிறது. ஆகவே கரையோரக் கடலைத் தூர்த்து எழும் தீவு முதலில் மாநில அரசாங்கத்தின் நிலம். மாநிலம் அதை யாருக்கு, எந்த நிபந்தனையில், எத்தனை ஆண்டுக்கு எழுதிக் கொடுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆனால் மாநிலம் மட்டும் நினைத்தால் போதாது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இன்கீழ் 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட கடலோரத் தூர்ப்புக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயம் என்று 1987-லேயே விதிக்கப்பட்டது. நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம், கடலோரத் தூர்ப்புக்குத் தேசிய நிலவமைப்புத் திட்டமிடல் மன்றத்தின் ஆலோசனையைக் கேட்க வேண்டும் என்கிறது.

விதிகள் உண்டு. அவற்றைச் சுற்றிப் போகும் வழிகளும் உண்டு. ஜொகூரில் ஃபாரஸ்ட் சிட்டி தீவுகளுக்கான தூர்ப்பு, விரிவான மதிப்பீடு ஒப்புதல் பெறுவதற்கு முன்பே 2014-இல் தொடங்கிவிட்டது. தொடக்கப் பகுதி 50 ஹெக்டேருக்குக் குறைவு என்ற விளக்கம் அப்போது கேட்டது. சிங்கப்பூர் கேள்வி எழுப்பிய பிறகு வேலை நிறுத்தப்பட்டது. 2015 ஜனவரியில் மதிப்பீட்டு அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்து வேலை தொடர்ந்தது. அண்டை நாடு கேட்டபோது நின்ற இயந்திரம், அதே நீரிணையில் மீன்பிடித்த உள்ளூர்க்காரர் கேட்டபோது நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பினாங்கில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே தெற்குத் தீவுகள் திட்டத்துக்கு 2019-இல் கிடைத்த சுற்றுச்சூழல் ஒப்புதலை எதிர்த்து மீனவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2021 செப்டம்பர் 8-ஆம் தேதி சுற்றுச்சூழல் மேல்முறையீட்டு வாரியம் அந்த ஒப்புதலை ரத்து செய்தது. பின்னர் புதிய அறிக்கையோடு திட்டம் திரும்பி வந்தது. ஆனால் மூன்று தீவு என்று தொடங்கியது ஒன்றாகச் சுருங்கியது. மீனவர்கள் முழுதாக வெல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்டிருக்காவிட்டால் மூன்றும் எழுந்திருக்கும். சட்டத்தில் தங்களுக்கு ஒரு கதவு இருப்பதைக் கண்டுபிடித்து, அது மூடுவதற்குள் தட்டியவர்கள் அவர்கள்.

போராகாய் கொடுத்த அதிர்ச்சி

தீவு நிலத்தில் குடியிருப்பதும் அதைச் சொந்தமாக வைத்திருப்பதும் எவ்வளவு தூரம் வேறுபட்டவை என்பதற்குப் பிலிப்பைன்ஸின் போராகாய் தெளிவான உதாரணம். வெள்ளை மணல் கடற்கரைக்குப் பேர்போன அந்தச் சின்னத் தீவில் பல குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்தார்கள், வரி கட்டினார்கள், விடுதி கட்டினார்கள். தங்கள் நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்டு நீதிமன்றம் போனார்கள். 2006-இல் அதிபர் அரோயோ வெளியிட்ட பிரகடனம் தீவில் 400 ஹெக்டேரைக் காப்புக் காடு என்றும், 628.96 ஹெக்டேரை விவசாய நிலம் என்றும் வகைப்படுத்தியது. 2008 அக்டோபர் 8-ஆம் தேதி பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: அதுவரை வகைப்படுத்தப்படாத நிலம் அரசாங்கத்தின் நிலம், எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், வரிச் சீட்டு கையில் இருந்தாலும், அது சொந்தம் ஆகிவிடாது.

விதிமீறல்கள் தனிக் கதை. கடற்கரையை ஒட்டி 30 மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்பது ஏட்டில் இருந்தது; விடுதிகள் மணலிலேயே எழுந்தன. கழிவுநீர் நேராகக் கடலில் கலந்தது. 2018 ஏப்ரல் 26 முதல் அக்டோபர் 26 வரை ஆறு மாதம் தீவையே அரசாங்கம் மூடியது. பெரிய விடுதிகள் சமாளித்துக்கொண்டன. விடுதித் துப்புரவாளர், படகோட்டி, கடைப்பெண் ஆகியோர் ஊதியம் இல்லாமல் இருந்தார்கள். தீவின் மூத்த குடிகளான ஆட்டி மக்களுக்கு 2011-இல் கிடைத்த பாரம்பரிய நிலப் பத்திரம் இரண்டு ஹெக்டேரைச் சற்றே தாண்டியது. ஆயிரம் ஹெக்டேர் தீவில் அவ்வளவுதான்.

அனுமதி கொடுத்தவர்கள் அதிகாரிகள், மீறியவர்கள் முதலாளிகள், விலை கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். இந்த வரிசை நம் ஊருக்கும் புதியதல்ல.

தோட்டத்தின் கணக்கு

மலாக்காவின் அலோர் காஜா, டுரியான் துங்கால், ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். வாழ்ந்த காலத்தை உரிமையாக எண்ணுவது மனித இயல்பு. சட்டம் அப்படி எண்ணுவதில்லை. தேசிய நிலச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, அரசாங்க நிலத்தில் எவ்வளவு காலம் குடியிருந்தாலும் அதனால் உரிமை வராது என்கிறது. 341-ஆவது பிரிவு, பதிவு பெற்ற தனியார் நிலத்துக்கும் அதையே சொல்கிறது. ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர், நூறு ஆண்டு வாழ்ந்த குடும்பம் என்ற பேச்சு மேடையில் கைத்தட்டல் வாங்கும். நில அலுவலகத்தில் எடுபடாது.

டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தைப் பலர் பட்டா போலப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அது ஆண்டுதோறும் டிசம்பரோடு முடிவது. புதுப்பித்தால்தான் உயிர். பிறருக்கு மாற்ற முடியாது. உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். அப்பா பெயரில் இருந்த டி.ஓ.எல். பிள்ளைக்குத் தானாக வராது என்பது தெரியாமல் ஏமாந்தவர்கள் உண்டு.

தோட்டக் குடியிருப்பும் அதே மாதிரி. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், வீடு எப்படி இருக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்குச் சொல்கிறது. அந்த வீட்டை ஓய்வு பெற்ற பிறகும் தொழிலாளிக்குச் சொந்தமாக்கச் சொல்லவில்லை.

1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அதற்கு விடையாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டம் வாங்கப்பட்டது. முதல் தோட்டம் கெடாவில் புக்கிட் சிடிம். பின்னர் நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தைப் பல பேருக்குப் பிரித்து விற்க வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஆனால் முழுத் தோட்டத்தையும் ஒரே நிறுவனத்துக்கு விற்றால் அந்தத் தடை குறுக்கே வராது. விற்பனை முடிந்து, நிலத்தின் பயன்பாடு மாறி, அதற்குப் பிறகுதான் லயத்துக்குச் செய்தி வருகிறது.

கோயிலுக்கும் பள்ளிக்கும் இதே கதி. பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் நிலம் இன்னும் தோட்ட நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா அருகே இருக்கும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நூற்றாண்டு கடந்தது. அது நின்ற நிலம் 2014-இலேயே ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. நாடு முழுக்க விவாதம் எழுந்தது 2025 மார்ச்சில். பதினோரு ஆண்டு இடைவெளி! அதற்குள் கைமாற வேண்டிய தாள்கள் எல்லாம் கைமாறிவிட்டன. கடைசியில் ஆலயம் சுமார் 50 மீட்டர் தள்ளி இடம் மாறச் சம்மதித்தது. 2014-இலேயே விற்பனை தெரிந்திருந்தால் பேச்சு வேறு இடத்தில் தொடங்கியிருக்கும்.

அண்டை வீட்டுக்காரர் யார்?

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விதி வருகிறது. திட்டமிடல் சட்டத்தின் 21(6) பிரிவின்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒருவர் மேம்பாட்டு விண்ணப்பம் போட்டால், அக்கம்பக்க நிலத்தின் உரிமையாளர்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அவர்கள் 21 நாளில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உரிமையாளர் என்றால் கிராண்டில் பெயர் இருப்பவர். லயத்தில் இருப்பவர், டி.ஓ.எல்.-இல் இருப்பவர், கடலில் வலை வீசுபவர் யாரும் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. பக்கத்திலேயே வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் அண்டை வீட்டுக்காரர் அல்ல.

உள்ளூர்த் திட்டம் இருக்கும் இடத்தில் வாய்ப்பு அதற்கும் முன்பே வந்து போய்விடுகிறது. எந்த நிலம் வீடமைப்புக்கு, எது தொழிலுக்கு, எது சுற்றுலாவுக்கு என்று நகல் திட்டத்தில் வண்ணம் தீட்டப்படுகிறது. அந்த நகல் குறைந்தது நான்கு வாரம் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். அப்போது ஆட்சேபம் சொல்ல கிராண்ட் வேண்டியதில்லை, யாரும் சொல்லலாம். அந்த நான்கு வாரத்தில் மன்ற அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தைப் பார்க்கும் தோட்டத்து மக்கள் எத்தனை பேர்?

புக்கிட் கியாரா வழக்கு இதற்கு நல்ல சாட்சி. கோலாலம்பூரில் அந்தத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, ரப்பர் மரம் சீவிய சுமார் நூறு குடும்பங்கள் 1982-இல் தற்காலிக நெடுவீடுகளுக்கு மாற்றப்பட்டன. பெரும்பாலோர் தமிழர்கள். நிரந்தர வீடு தருவதாக வாக்கு. ஆண்டுகள் ஓடின. பிறகு பக்கத்துப் பூங்காவான தாமான் ரிம்பா கியாராவில் அடுக்குமாடித் திட்டம் வந்தது. அதில் நெடுவீட்டு மக்களுக்கும் வீடு உண்டு என்று சொல்லப்பட்டது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த மேம்பாட்டு ஆணை செல்லாது என்று உறுதிப்படுத்தியது. திட்டமிடல் அதிகாரி தன் முடிவுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் என்றும் சொன்னது.

நாட்டின் திட்டமிடல் சட்டத்துக்கு அது முக்கியமான தீர்ப்பு. பூங்கா காப்பாற்றப்பட்டது நியாயம்தான். ஆனால் 1982-இல் வாக்குப் பெற்றவர்கள் தீர்ப்பு நாளிலும் அதே நெடுவீட்டில்தான் இருந்தார்கள். ஒரு தரப்பு அவர்களைக் காட்டித் திட்டத்தை நியாயப்படுத்தியது. மறு தரப்பு அவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டலாமே என்றது. இரண்டு பக்கமும் அவர்களைப் பற்றிப் பேசியது. அவர்கள் கையில் தாள் இருந்திருந்தால், பேசுவதும் அவர்களாகவே இருந்திருப்பார்கள்.

செய்யக்கூடியவை

மலாக்காவில் இன்னும் தூர்க்கப்பட வேண்டிய கடலும் இருக்கிறது. விற்கப்பட வேண்டிய தோட்டமும் இருக்கிறது. மேம்பாடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சுற்றுலாதான் இந்த மாநிலத்தின் சோறு. பட்டணத்துத் தமிழ் இளைஞர்கள் பலர் விடுதிகளிலும் பேருந்துகளிலும் அதை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். கேட்க வேண்டியதை எப்போது கேட்பது என்பதுதான் விஷயம்.

நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் ஒரு நிலத்தின் பதிவைத் தேடிப் பார்க்கலாம். கோயில் நிர்வாகமும் பள்ளி வாரியமும் தாங்கள் நிற்கும் நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது, அடமானத்தில் இருக்கிறதா, நிபந்தனை என்ன என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. டி.ஓ.எல். வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே அந்த நிலத்துக்கு முறையான விண்ணப்பம் போட வேண்டும். மாநகர் மன்றமும் நகராண்மைக் கழகங்களும் நகல் திட்டத்தைப் பார்வைக்கு வைக்கும்போது, இயக்கங்கள் விருந்துக்கு ஆள் திரட்டுவதுபோல் அதற்கும் ஆள் திரட்ட வேண்டும். ஆட்சேபத்தை வாயால் சொன்னால் காற்றோடு போகும். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினால் பின்னாளில் நீதிமன்றத்தில் நிற்கும். பினாங்கு மீனவர்களின் கையில் இருந்தது அப்படி ஒரு தாள்தான்.

உஜோங் பாசிரில் கெராகாவ் வலை வீசுபவருக்கும், தோட்டத்து லயத்தில் கடைசியாக விளக்கேற்றும் குடும்பத்துக்கும் தனித்தனி மொழி, தனித்தனிச் சமயம். ஆனால் இருவருக்கும் வரும் கடிதம் ஒன்றுதான்: காலி செய்யக் கெடு விதிக்கும் கடிதம். அது வீட்டு வாசலுக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, மன்ற அலுவலகத்தின் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும்.